கடல்மீனின் நிறமும் பெயரறியாச் சித்திரக்காரரும்



இறால் வாங்கி வந்து குழம்பு வைக்காத வீடு நம்மிடையே குறைவு. சட்டியில் போடும்வரை இறால் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு மங்கல் நிறத்தில் இருக்கிறது. கொதி வந்ததும் செக்கச் செவேலென்று ஆகிவிடுகிறது. மிளகாய்த் தூளின் வேலை என்று சிலர் எண்ணுவதுண்டு. வெறும் தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள், அப்போதும் சிவக்கும். அந்தச் சிவப்பு வெளியிலிருந்து வந்ததன்று. அஸ்டாஸாந்தின் என்னும் சாயம் இறாலின் ஓட்டில் முன்பே இருக்கிறது. ஒரு புரதத்தோடு பிணைந்து கிடக்கும்வரை அது நீலமாகவும் பச்சையாகவும் வேடம் போட்டுக்கொண்டிருக்கிறது. சூடு பட்டதும் புரதம் குலைகிறது; சாயம் விடுபட்டுத் தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது. நண்டு சிவப்பதும் இவ்விதமே.

ஆக, இறாலும் நண்டும் செத்தபின் வண்ணம் பெறுகின்றன. மீனின் கதையோ நேர்மாறு. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் பனிக்கட்டியின்மேல் அடுக்கிய மீன்களைப் பார்த்தவர்கள், கடலின் அழகைப் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. பவளப்பாறையில் பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாய்த் திரிந்த கிளிமீன் சந்தைக்கு வந்து சேரும்போது பாதி நிறத்தை இழந்திருக்கும். இந்த நிறத்தை மனிதர் எப்படிப் பிடித்து வைத்தார்கள், யார் கையால் அது நடந்தது என்பதே இன்றைய உரைக்குப் பொருள். அந்தக் கைகளில் பலவற்றுக்கு வரலாற்றில் பெயர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லப் போகிறோம்.

முதலில் நிறம் ஏன் மறைகிறது என்று பார்த்துவிடுவோம். மீனின் தோலில் நிறத்துக்கென்றே தனி உயிரணுக்கள் உள்ளன. கறுப்பு, மஞ்சள், சிவப்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு சாயம். உயிரணு ஒவ்வொன்றும் நட்சத்திரம்போலக் கிளைவிட்டிருக்கும். சாயம் கிளைகளுக்குள் பரவினால் மேனி அடர்ந்த நிறம் கொள்ளும். நடுவில் வந்து குவிந்தால் வெளிறும். பரவு, குவி என்று கட்டளையிடுவது நரம்பும் உடற்சுரப்புகளும். உயிர் போனால் கட்டளையிடுவார் இல்லை. வெள்ளி நிறமும் பெரும்பாலான நீலமும் சாயமே அல்ல. குவானைன் என்னும் பொருளின் மெல்லிய படிகங்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டு, விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றும் நிறங்கள் அவை. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் வானவில் தெரிகிறதல்லவா, ஏறத்தாழ அதே வித்தை. அடுக்கு குலைந்தால் வித்தையும் போயிற்று.

சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் உணவின் வழியே மீனுக்குக் கிடைப்பவை. கேரட்டுக்கு நிறம் தருகிற சாயத்தின் உறவுக்காரர்கள் அவை. எண்ணெயில் கரைவதுபோல் சாராயத்திலும் கரையும் குணம் அவற்றுக்கு உண்டு. இந்தக் குணத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதையின் முடிச்சு இதுதான். செத்த மீனைக் கெடாமல் காக்கச் சாராயத்தில் போட்டால் உடல் கெடாது. எலும்பும் செதிலும் முள்ளும் அப்படியே இருக்கும். நிறம் மட்டும் கரைந்து போய்விடும். நாளடைவில் எஞ்சுவது கறுப்புக் கோடுகளும் வைக்கோல் நிற உடலும்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது விளங்கும். மங்கில் சொட்டும் பால் தூய வெள்ளை. அதுவே ஷீட்டாகிப் புகைவீட்டிலிருந்து வெளியே வரும்போது தேன் நிறம். ஷீட்டை மட்டுமே கண்ட வெளிநாட்டானிடம், மரத்திலிருந்து வந்தபோது இது பால்போல் வெள்ளையாயிருந்தது என்றால் எளிதில் நம்புவானா? லண்டனிலும் பாரிசிலும் கண்ணாடிக் குடுவைக்குள் நம் கடல் மீன்களைப் பார்த்த அறிஞர்களின் நிலையும் அதுவே.

இப்போது 1810ஆம் ஆண்டு மலாக்காவுக்குப் போவோம். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கால் வைக்க இன்னும் 9 ஆண்டுகள் இருக்கின்றன. ராபிள்ஸ் அப்போது ஜாவாமீது படையெடுக்க ஆயத்தம் செய்வதற்காக மலாக்காவில் தங்கியிருந்தார். அவரிடம் கடிதங்களைப் படியெடுக்கும் வேலைக்கு ஒரு சிறுவன் சேர்ந்தான். அவனே பிற்காலத்தில் முன்ஷி அப்துல்லா என்று புகழ்பெற்ற அப்துல்லா பின் அப்துல் காதிர். மலாய் இலக்கியத்தின் புதிய காலத்தைத் தொடங்கி வைத்தவர் என்று போற்றப்படுகிறவர். நமக்கு அவர் அயலவர் அல்லர். அவருடைய பூட்டனார் ஏமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் தங்கி மணம் செய்துகொண்டவர். பாட்டியின் பெயர் பெரியாச்சி. அக்காலத்து மலாக்காவில் வணிகக் கணக்குகள் தமிழிலேயே நடந்தமையால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்புவது வழக்கமாம். அவரும் இரண்டாண்டுகளுக்கு மேல் தமிழ் பயின்றதாகத் தாமே எழுதியிருக்கிறார்.

அவர் எழுதிய தன்வரலாறு ‘ஹிக்காயாட் அப்துல்லா’ 1849இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. அதிலே ராபிள்ஸ் துரை உயிரினங்களைச் சேகரித்த விதத்தை, அருகிலிருந்து பார்த்த பையனின் கண்ணால் சொல்கிறார். துரை நான்கு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். ஒருவருக்குக் காட்டுக்குப் போய் இலையும் பூவும் கொண்டுவரும் வேலை. ஒருவருக்கு வெட்டுக்கிளி, பூரான், தேள் முதலியன. இன்னொருவர் கூடையோடு கடற்கரைக்குப் போவார். பவளம், சிப்பி, சங்கு, பலவகை மீன்கள் ஆகியவற்றைக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. நான்காமவர் பறவைக்கும் விலங்குக்கும். இவர்களோடு மக்காவ் ஊரைச் சேர்ந்த ஒரு சீனர் இருந்தார். பூவும் கனியும் உயிரோடு இருப்பதுபோல் எழுதுவதில் வல்லவர் அவர். தாளுக்குள் வைத்து உலர்த்த முடியாதவற்றை அவர் சித்திரமாக எழுதுவார். ஒரு பீப்பாய் நிறையச் சாராயமும் இருந்தது. பாம்பையும் தேளையும் அதில் போட்டுக் கொன்று, பிறகு புட்டியில் அடைப்பார்கள். பார்த்தால் உயிரோடு இருப்பவைபோலவே இருந்தன என்று வியக்கிறார் அப்துல்லா.

சாராயம் தோட்டப்புறத்தில் எத்தனை வீடுகளைக் கெடுத்தது என்பதை நாம் அறிவோம். அறிவியலுக்கு அது செய்த நன்மை இது ஒன்று. அதிலும் பாதி வேலைதான். அப்துல்லா பார்த்தது புட்டியின் முதல் நாட்களை. அவற்றையே சில ஆண்டுகள் கழித்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருப்பாரா என்பது ஐயம். இங்கேதான் மக்காவ்காரரின் தூரிகைக்குத் தேவை வருகிறது. புட்டி உடலைக் காத்தது. தாள் நிறத்தைக் காத்தது.

கூடையோடு கடற்கரைக்குப் போனவர் யார்? அப்துல்லா பெயர் சொல்லவில்லை. மக்காவ்காரரின் பெயரையும் சொல்லவில்லை. துரையின் மேசை எப்படியிருந்தது, பெட்டிகள் எப்படியிருந்தன என்றெல்லாம் எழுதியவர், இதை விட்டுவிட்டார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அக்காலத்தில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

அதே மலாக்காவில் இதே வேலையை இன்னும் பொறுமையோடு செய்தவர் வில்லியம் பார்க்குவார். சென்னைப் பொறியியற் படைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். 1803 முதல் 1818 வரை மலாக்காவின் ஆளுநர் பொறுப்பிலும், பிறகு 1819 முதல் 1823 வரை சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் பதவியிலும் இருந்தவர். ராபிள்ஸ் வந்து ஒப்பந்தம் செய்துவிட்டுப் போனார். ஊரைக் கட்டிக் காத்தவர் பார்க்குவார். இருவரும் பின்னர் மனக்கசப்புற்றுப் பிரிந்தார்கள். சிலையும் தெருப்பெயரும் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தன என்பது நம் கருத்து.

பார்க்குவார் தம் மலாக்கா நாட்களில் சீன ஓவியர்களை அமர்த்திச் செடி, பறவை, விலங்கு, பூச்சி, மீன் என்று 477 வண்ண ஓவியங்களை எழுதுவித்தார். பலவற்றில் மலாய்ப் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது. இவற்றுள் செடிகளை எழுதியவருக்கு அவகாசம் இருந்தது; இலை வாட ஒரு பொழுதாகும். மீனை எழுதியவர் நிலைமையை எண்ணிப் பாருங்கள். மலாக்காவின் வெயிலில், கரைக்கு வந்த மீன் கண்ணெதிரே நிறம் மாறிக்கொண்டிருக்கும். முதலில் ஒளிர்வு போகும். பிறகு நீலம் சாம்பலாகும். கோட்டை பிறகு எழுதிக்கொள்ளலாம். செதிலையும் முள்ளையும் செத்த மீனில் எண்ணிக்கொள்ளலாம். நிறத்தைப் பார்த்துக்கொள்ள அந்தச் சில நிமிடங்கள்தான். ஆகவே மீன் ஓவியத்தில் தெரியும் நிறம், ஓவியரின் கண் வேகத்துக்கும் மீனவரின் கால் வேகத்துக்கும் சான்று. வலையிலிருந்து எடுத்து வீடுவரை தண்ணீரில் வைத்து ஓடிவந்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

தாளும் எல்லாவற்றையும் காத்துவிடவில்லை. ராபிள்ஸ் 1824 பிப்ரவரி 2ஆம் நாள் பென்கூலனிலிருந்து ‘பேம்’ என்னும் கப்பலில் தாயகம் புறப்பட்டார். அன்றிரவே கப்பல் தீப்பற்றியது. ஆட்கள் படகுகளில் ஏறித் தப்பினார்கள். சேகரிப்பு முழுதும் எரிந்து போயிற்று. சித்திரங்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை என்று அவரே எழுதினார். எத்தனை பேர் எத்தனை ஆண்டு எழுதியவையோ! இழப்பு ராபிள்ஸின் இழப்பாகவே புத்தகங்களில் சொல்லப்படுகிறது. எழுதிய கைகளுக்கும் அது இழப்பே. பார்க்குவாரின் ஓவியங்கள் வேறு கப்பலில் போயின, பிழைத்தன. 1820-களின் பிற்பகுதியில் லண்டன் அரச ஆசியக் கழகத்துக்கு அவர் அவற்றைக் கொடுத்துவிட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அவை அங்கே இருந்தன.

இதற்கிடையில் அறிஞர்கள் வேறு வழிகளையும் தேடினார்கள். கம்பெனி மருத்துவராயிருந்த தியோடர் காண்டர் மலாயா மீன்களைப் பற்றி 1849இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். உயிரோடு இருக்கையில் இன்ன நிறம் என்று சொற்களால் எழுதி வைப்பது அவர் கையாண்ட வழி. பட்டாவியாவில் டச்சுப் படை மருத்துவராயிருந்த பீட்டர் பிளேக்கர் 1852இல் சிங்கப்பூர் மீன்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதினார். 1862 முதல் பெரிய வண்ணப் படத் தொகுதிகளாகத் தம் மீன் ஆராய்ச்சியை அச்சிட்டார். நம் பகுதிக் கடலில் திரியும் மீன்கள் பலவற்றின் அறிவியற் பெயருக்குப் பின்னால் இன்றும் அவர் பெயர் நிற்கிறது.

நிறம் எப்படி இருக்கிறது என்பதோடு அதுவரை நின்றார்கள். ஏன் இருக்கிறது என்று கேட்டவர்களுள் முதன்மையானவர் ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ். 1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார். புக்கித் தீமாவில் தங்கி வண்டு பிடித்தார். பிறகு எட்டாண்டுகள் தீவு தீவாக அலைந்தார். அம்போன் துறைமுகத்தில் படகிலிருந்து கீழே குனிந்து பார்த்தபோது, தெளிந்த நீரின் அடியில் பவளமும் கடற்பஞ்சும் அவற்றிடையே நீலம், சிவப்பு, மஞ்சள் மீன்களும் தெரிந்த காட்சியை அவர் மறக்கவேயில்லை. நாம் மேலே சொன்ன கேள்விக்கு விடை அந்தக் காட்சியிலேயே இருந்தது. தட்டில் வைத்துப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் மீன், வண்ண வண்ணமான பவளத்தின் நடுவே எளிதில் தெரியாது. வண்ணச் சேலைக் கடையில் ஒரு சேலையைத் தேடுவது போன்றது அது.

1867இல் டார்வின் அவரிடம் வேறொரு கேள்வி கேட்டார்: சில புழுக்கள் ஏன் பளிச்சென்ற நிறத்தில் இருக்கின்றன? அவை தின்னத் தகாதவையாயிருக்க வேண்டும், என்னைத் தொடாதே என்று பறவைகளுக்குச் சொல்லும் அடையாளம் அது என்று வாலஸ் விடை சொன்னார். எச்சரிக்கை நிறம் என்ற கருத்து அப்படிப் பிறந்தது.

இக்கருத்துக்குக் கடலிலும் சான்றுகள் உண்டு. சிங்கப்பூர்க் கரையிலேயே உண்டு. நீர் வற்றும் நேரத்தில் பாறையிடுக்கில் தென்படும் நண்டு ஒன்றின் ஓடு, பழைய வீடுகளின் மொசைக் தரைபோல் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருக்கும். மொசைக் நண்டு என்றே அதற்குப் பெயர். அதன் சதையில் கொடிய நஞ்சு உண்டு. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970-களிலேயே அந்த நஞ்சைப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். எவ்வளவு வேகவைத்தாலும் நஞ்சு போகாது. நீலவளைய எண்காலி என்பது உள்ளங்கைக்குள் அடங்கும். சும்மா இருக்கையில் பழுப்பாக இருக்கும். சீண்டினால் மேனியெங்கும் நீல வளையங்கள் பளிச்சிடும். அது கடித்தால் மூச்சு நின்றுவிடும்.

ஆனால் இதை வைத்து வீட்டில் ஒரு விதி செய்துகொள்ளக் கூடாது. நிறமுள்ளது நஞ்சு, நிறமற்றது நல்லது என்று கடல் எழுதிக் கொடுக்கவில்லை. பேத்தை மீன் பார்வைக்குச் சாதாரணம். அதன் ஈரலும் முட்டையும் ஆளைக் கொல்லும். சதுப்புநிலத்துக் குதிரைலாட நண்டு, மலாய்க்காரர் பெலாங்காஸ் என்பது, சேற்று நிறம்தான்; அதன் முட்டையைத் தின்று இறந்தவர்கள் உண்டு. மறுபுறம், ரேஸ் கோர்ஸ் ரோட்டு உணவகங்களில் வாழையிலையோரம் வந்து நிற்கும் மீன்தலைக் கறிக்கு உகந்தது ஈக்கான் மேரா என்னும் செம்மீன். உடல் முழுதும் சிவப்பு, நஞ்சு ஒரு துளியும் இல்லை. அந்தச் சிவப்புக்குக் காரணம் வேறு. கடல்நீர் சூரிய ஒளியில் சிவப்பை முதலில் விழுங்கிவிடுகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே சிவப்பு ஒளி அநேகமாக இல்லை. ஒளி இல்லாத இடத்தில் சிவப்பு மீன் கரிய நிழலாகவே தெரியும். நமக்குத் தட்டில் தெரியும் சிவப்பு, கடலில் அதற்கு ஒரு போர்வை.

வாலஸுடன் ஊர் ஊராகப் போய்ப் பறவைகளைப் பிடித்துத் தந்து, காய்ச்சலில் பார்த்துக்கொண்டவர் சராவாக்கைச் சேர்ந்த அலி என்னும் இளைஞர். வாலஸ் 1862இல் தாயகம் திரும்புமுன், சிங்கப்பூரில் அலிக்கு ஒரு புகைப்படம் எடுக்கச் செய்தார். பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் அதை அச்சிட்டும் வைத்தார். அந்த நூற்றாண்டின் சேகரிப்பாளர்களுள் பெயரோடும் முகத்தோடும் நமக்குத் தெரிகிறவர்கள் மிகச் சிலர். அவர்களுள் அலி ஒருவர்.

உயிருள்ள மீனின் நிறத்தைச் சிங்கப்பூர்ப் பொதுமக்கள் நின்று பார்க்கும் வாய்ப்பு பெரிய அளவில் வந்தது 1955இல். வான் கிளீப் என்னும் டச்சுக்காரர் தம் சொத்தை நகராட்சிக்கு எழுதி வைத்திருந்தார். அந்தப் பணத்தில் ரிவர் வேலி ரோட்டில், கானிங் கோட்டைக் குன்றின் அடியில் மீன் காட்சியகம் கட்டினார்கள். நேயர்களில் மூத்தோர் சிலர் அங்கே போயிருக்கவும் கூடும். 1996இல் அது மூடப்பட்டது. கண்ணாடித் தொட்டிக்கு முன் நின்ற சிறு பிள்ளை ஒன்று, 1810இல் மக்காவ்காரருக்குக் கிடைக்காததைப் பெற்றது: மீன் நிறம் மாறாமல், அவசரமில்லாமல் பார்க்கும் நேரம்.

ஆனால் அதே ஆண்டுகளில் வெளியே கடல் மங்கிக்கொண்டிருந்தது. 1960-களிலிருந்து சிங்கப்பூர் கடலைத் தூர்த்து நிலம் எடுத்தது. சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730 சதுர கிலோமீட்டருக்கு மேல். வீடும் தொழிற்சாலையும் விமான நிலையமும் வேண்டியிருந்தன, அதை மறுப்பதற்கில்லை. விலை கொடுத்தது பவளப்பாறை; பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. 1960-களில் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழம்வரை தெரிந்த நீரில், பின்னர் 2 மீட்டர்தான் தெரிந்தது. தென் தீவுகளில் பரம்பரையாக மீன்பிடித்து வாழ்ந்த மலாய்க் குடும்பங்களும் பெருநிலத்தின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. எந்தப் பாறையில் எந்த நிற மீன், எந்தத் திங்களில் என்று அறிந்தவர்கள் அவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டுக் கிளம்பியவர்களுக்கு அந்தக் குடும்பங்கள் மூட்டை கட்டிய நாளை நாம் விளக்க வேண்டியதில்லை.

இருந்தும் நிறம் முற்றாகப் போய்விடவில்லை. 2014இல் சிஸ்டர்ஸ் தீவுகளை ஒட்டிய கடல் முதல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கலங்கல் நீருக்குள் விளக்கு பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு, செம்மஞ்சள் பட்டை போட்ட நீள்மூக்கு வண்ணத்துப்பூச்சி மீனும் கடல்சாமந்திக்குள் ஒளியும் கோமாளி மீனும் இன்றும் தென்படுகின்றன.

பார்க்குவார் ஓவியங்கள் என்ன ஆயின என்பதைச் சொல்லாமல் விட்டோம். 1993இல் லண்டனில் அவை ஏலத்துக்கு வந்தன. சிங்கப்பூர்ப் பங்குத் தரகர் கோ கியோக் கிம் 30 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கி, தம் தந்தையார் நினைவாக நாட்டுக்குக் கொடுத்தார். இன்று அவை ஸ்டாம்போர்டு ரோட்டிலுள்ள தேசிய அரும்பொருளகத்தின் உடைமை. தேக்கா சந்தையிலிருந்து செலிகி ரோடு வழியாக நடந்தால் அரை மணி நேரத்துக்குள் அந்தக் கட்டடத்துக்குப் போய்விடலாம். எழுதியவர்களுக்கு ஒரு தாளுக்கு என்ன கூலி கிடைத்தது என்பதற்கு அங்கே கணக்கில்லை; அவர்கள் பெயரும் இல்லை. நீர்வண்ணமும் வெளிச்சத்தில் மங்கக்கூடியது. ஆகையால் 477 தாள்களையும் ஒருசேரக் காட்சிக்கு வைப்பதில்லை. சிலவற்றை மட்டும் மெல்லிய விளக்கில் சில காலம் வைத்துவிட்டு, மறுபடி இருட்டறைக்குள் எடுத்துப் போய்விடுகிறார்கள்.